ஒரே மருந்து, இரண்டு பெயர்



பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் காய்கிறது. வீட்டிலிருந்த பெனடோல் பாணியைக் கொடுக்கிறீர்கள். பின்னேரம் டொக்டரிடம் கொண்டு போனால் அவர் தரும் போத்தலில் 'பரசிட்டமோல்' என்றிருக்கிறது. வேறு மருந்தாக்கும் என்று எண்ணி அதையும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றுதான். பெனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். பரசிட்டமோல் என்பதே மருந்தின் சொந்தப் பெயர்.

இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். மருந்துகளை அவற்றின் சொந்தப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்றார். மருந்து விலை குறைய அது உதவியது. ஒரே மருந்தை இரு தடவை விழுங்காமல் இருக்கவும் அதுவே வழி.

பரசிட்டமோல் அளவோடு கொடுத்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பிள்ளையின் வயதைவிட நிறையே முக்கியம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்குரிய அளவு. 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். தடிமன் குளிசைகள் பலவற்றிலும், மலவாசலில் வைக்கும் காய்ச்சல் மருந்திலும் இதுவே இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

குசினிக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வோர் அளவு. போத்தலோடு வரும் 5 மில்லிலீற்றர் அளவுக் கரண்டியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். போத்தலுக்குப் போத்தல் மருந்தின் செறிவும் மாறும். எழுதியிருப்பதை வாசியுங்கள்.

காய்ச்சல் இறங்கவில்லையே என்று பதறி இபுபுரோபன், அஸ்பிரின், டைக்குளோபினாக் ஆகியவற்றைத் தொடவேண்டாம். அது டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை இவை அதிகரிக்கும். காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிள்ளை சோர்ந்து போனாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, வயிறு நொந்தாலோ அதுவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்து வாங்கும்போது கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இதன் சொந்தப் பெயர் என்ன? எவ்வளவு கொடுப்பது? எத்தனை மணிக்கு ஒரு தடவை? விடையை ஒரு துண்டில் எழுதி, கொடுத்த நேரத்தையும் குறித்து வையுங்கள். இரவில் உம்மாவோ மாமியோ பிள்ளையைப் பார்த்தாலும் தவறு நேராது.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அவர்களுக்கு மருந்து தேடுவது எவ்வளவு கடமையோ, அதை அளவறிந்து கொடுப்பதும் அவ்வளவு கடமையே.