ஒருவர் பிடிக்கும் பீடி, பத்துப் பேருக்குப் புகை

மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் ரெயில்களில் ஒரு காலத்தில் பீடிப் புகைக்குக் குறைவே இருக்காது. மூன்று பேர் உட்காரும் பலகையில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவர் பற்ற வைப்பார். தாய்மார்கள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக் கொள்வார்கள்.

அப்போதும் சட்டம் இல்லாமல் இல்லை. அதே பெட்டியில் உள்ள வேறு பயணி ஆட்சேபித்தால் புகை பிடிக்கக் கூடாது என்று 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 167-வது பிரிவு கூறியது.

ஆனால் யார் ஆட்சேபிப்பது? இந்தி சரியாகப் பேச வராத கூலித் தொழிலாளியா? கைக்குழந்தையோடு தனியே போகும் பெண்ணா? வாயைத் திறந்தால் சண்டை. ஒன்றரை நாள் அவரோடுதான் பயணம். பலரும் பேசாமல் புகையை விழுங்கினார்கள்.

கணவர் புகை, மனைவிக்கு நோய்

"என் காசு, என் பீடி, என் நெஞ்சு" என்பது புகைப்பவர் வாதம். நெஞ்சு அவருடையது மட்டும் என்றால் வாதம் சரிதான்.

ஜப்பானில் புகை பிடிக்காத 91 ஆயிரம் மனைவியரை 14 ஆண்டுகள் கவனித்த ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர், 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைத்தால், மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் அதிகம் என்றது அது.

சட்டம் மாறியது

மும்பையின் முன்னாள் மேயர் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், ரெயில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்க 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2003-ல் தனிச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் வேலை செய்யும் இடங்களும் அதில் அடங்கின. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

இதில் முக்கியமான மாற்றம், பக்கத்தில் இருப்பவர் ஆட்சேபிக்க வேண்டியதில்லை என்பதே. இடத்தின் உரிமையாளரும் மானேஜரும்தான் பொறுப்பு. யாரிடம் புகார் சொல்வது என்று பெயரை எழுதி வைப்பதும் அவர்கள் கடமை.

சிறு பட்டறைகளில் அந்தப் பெயர்ப் பலகையைக் காண்பது அபூர்வம். முதலாளியே பற்ற வைத்தால், வேலைக்கு வந்த பையன் என்ன சொல்வான்? அபராதத்தை உயர்த்துவது பிறகு ஆகட்டும். முதலில் அதிகாரிகள் பட்டறைக்குள் வரட்டும்.

பீடியை யாரும் பறிக்கவில்லை. ஆளில்லாத வெளியிடத்தில் போய்ப் பிடிக்கலாம். வாடகையைப் பங்கிட்டு எட்டுப் பேர் படுக்கும் அறைக்குள் சட்டம் வராது. அங்கே அறைக்காரர்களே கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக் கொள்வது நல்லது.