நிகழ்பட ஆட்டக் கதைசொல்லல் செய்திமடல்களில் கட்டணச் சந்தா

நிகழ்பட ஆட்டக் கதைசொல்லல் செய்திமடல் என்பது, வீடியோ கேம் எனப் பரவலாக அழைக்கப்படும் நிகழ்பட ஆட்டங்களில் கதை எவ்வாறு சொல்லப்படுகின்றது என்பதை ஆராய்ந்து, மின்னஞ்சல் வழியாக வாசகருக்கு அனுப்பப்படும் பருவ வெளியீடு ஆகும். பெரும்பாலும் ஒருவரே இதனை எழுதி, திருத்தி, அனுப்பி வைப்பார். இவ்வகை மடல்கள் பல இலவசமாகத் தொடங்கி, ஓரளவு வாசகர் சேர்ந்த பின்னர் கட்டணச் சந்தாவுக்கு மாறுகின்றன. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதன் கணக்கு என்ன, எழுத்தாளர் எதற்குக் கடமைப்படுகின்றார் என்பன இங்கு விளக்கப்படுகின்றன. பணம் வாங்காத வரை மடல் ஒரு பொழுதுபோக்கு. முதல் சந்தா வந்த நாளிலிருந்து அது ஒரு கடன். இவ்வேறுபாட்டை உணராமல் தொடங்கிய பலர் ஓராண்டுக்குள் திணறுவதுண்டு.

வரலாறு

தனியொருவர் நடத்தும் சந்தா மடல் மின்னஞ்சலுக்கு முற்பட்டது. அமெரிக்க இதழாளர் ஐ. எஃப். ஸ்டோன், தாம் பணியாற்றிய நாளிதழ் மூடப்பட்டதைத் தொடர்ந்து, 1953 ஆம் ஆண்டு சனவரியில் தமது வார மடலைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா 5 டாலர். தொடக்கத்தில் ஏறத்தாழ 5,300 சந்தாதாரர்கள் இருந்தனர். 1971 இல் மடல் நிறுத்தப்பட்டபோது அவ்வெண்ணிக்கை சுமார் 70,000 ஆக உயர்ந்திருந்தது. மூடப்பட்ட நாளிதழ்களின் சந்தாதாரர் முகவரிப் பட்டியல்களே அவருடைய முதல் மூலதனம் எனலாம். முகவரிப் பட்டியல் யார் கையில் உள்ளது என்ற கேள்வி இன்றைய மின்மடல்களுக்கும் அதே அளவு முதன்மையானது.

ஆட்டத் துறையில் இன்போகாம் நிறுவனம் 1980களில் தன் வாடிக்கையாளருக்கு 'நியூ சோர்க் டைம்ஸ்' என்னும் மடலை இலவசமாக அனுப்பி வந்தது. நியூ யார்க் டைம்ஸ் நாளிதழ் மறுப்புத் தெரிவித்ததால் 1986 இல் அதன் பெயர் 'ஸ்டேட்டஸ் லைன்' என மாறியது. இது நிறுவனத்தின் விற்பனைக் கருவியே அன்றி, தனித்தியங்கிய மடல் அன்று. தனித்தியங்கிய முயற்சிக்கு எடுத்துக்காட்டு, ஆட்ட வடிவமைப்பாளர் கிறிஸ் குரோபோர்டு 1987 இல் தொடங்கிய 'கணினி ஆட்ட வடிவமைப்பு ஆய்விதழ்' ஆகும். ஊடாட்டக் கதைசொல்லலைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் இவர். 1988 இல் சான் ஒசே நகரில் இவரது வீட்டில் சுமார் 27 வடிவமைப்பாளர்கள் கூடிய கூட்டமே, இன்று ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டின் முதல் அமர்வாகும்.

1994 இல் கெவின் வில்சன் தொடங்கிய 'ஸ்பாக்' மடல், உரைவழிச் சாகச ஆட்டங்களைப் பற்றித் தன்னார்வலர்கள் எழுதியது. அது வெற்று உரைக் கோப்பாக இலவசமாகவே பரவியது. அக்காலத்தில் இணையத்தில் சிறு தொகை பெறுவதற்கு எளிய வழி ஏதும் இருக்கவில்லை என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

பென் தாம்சன் 2014 இல் தமது 'ஸ்ட்ராடெக்கரி' என்னும் தொழில்நுட்பப் பகுப்பாய்வுக்குச் சந்தா வாங்கத் தொடங்கினார். 2017 இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவப்பட்ட சப்ஸ்டாக், எழுதுதல், அனுப்புதல், பணம் பெறுதல் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்தது. ஆரோன் ரீடு 2021 இல் இத்தளத்தில் 'உரை ஆட்டங்களின் ஐம்பது ஆண்டுகள்' என்னும் தொடரை எழுதினார். 1971 இன் 'ஓரிகன் டிரெயில்' தொடங்கி, ஆண்டுக்கு ஓர் ஆட்டம் என வாரந்தோறும் ஒரு கட்டுரை வெளிவந்தது. பின்னர் இது கிக்ஸ்டார்ட்டர் வழியாக நிதி திரட்டி நூலாகவும் வெளிவந்தது. முடிவு முன்கூட்டியே தெரிந்த தொடர் என்பது இதன் சிறப்பு. வாசகர் எதற்கு ஆதரவளிக்கின்றோம் என்பதை முதல் நாளே அறிந்திருந்தனர்.

விளம்பர வருவாயை நம்பிய ஆட்ட இதழியல் இக்காலத்தில் சுருங்கி வந்தது. ஜாய்ஸ்டிக் 2015 இலும், வாசிங்டன் போஸ்டின் ஆட்டப் பிரிவான லாஞ்சர் 2023 இலும் மூடப்பட்டன. வைஸ் நிறுவனத்தின் வேபாயின்ட்டும் 2023 இல் மூடப்பட, அதன் முன்னாள் பணியாளர் சிலர் அதே ஆண்டில் வாசகர் பணத்தில் இயங்கும் ரீமேப்பைத் தொடங்கினர். கொட்டாக்கு தளத்தின் முன்னாள் பணியாளர் ஐவர், பணியாளரே உரிமையாளராக உள்ள ஆப்டர்மேத்தை 2023 நவம்பரில் தொடங்கினர். ஸ்டீபன் டொட்டிலோவின் 'கேம் ஃபைல்' மடலும் அதே ஆண்டைச் சேர்ந்ததே.

கதைசொல்லல் மடலின் தனித்தன்மை

பங்குச் சந்தை மடலை வாசிப்பவர், அதனால் பணம் ஈட்டலாம் எனக் கருதிச் சந்தா கட்டுகின்றார். பல வேளைகளில் அவருடைய நிறுவனமே கட்டிவிடும். ஆட்டக் கதை பற்றிய கட்டுரைக்கு அத்தகைய பயன் இல்லை. வாசகர் தம் சொந்தப் பணத்தை, ஒருவருடைய பார்வையின் மீதுள்ள விருப்பத்தால் மட்டுமே தருகின்றார்.

உழைப்பின் அளவும் வேறு. கதையைப் பற்றி எழுதுபவர் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். 2019 இல் வெளிவந்த 'டிஸ்கோ எலிசியம்' ஆட்டத்தின் உரை மட்டும் பத்து இலட்சம் சொற்களுக்கு மேற்பட்டது. ஆட்டக்காரரின் தேர்வுகளால் கதை கிளைவிடும் என்பதால், ஒருமுறை விளையாடி முடிப்பதும் போதாது. மாதம் நான்கு மடல் என்று வாக்களித்த பின்னரே பலர் இதனை உணர்கின்றனர்.

இதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு. செய்தி மறுநாள் பழையதாகிவிடும். கதை ஆய்வு அவ்வாறன்று. 1999 இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' பற்றி இன்றும் எழுதப்படுகின்றது, படிக்கப்படுகின்றது. ஆகவே பழைய மடல்களின் காப்பகமே இத்தகைய மடலின் உண்மையான சொத்து ஆகும்.

எதைப் பூட்டுவது

கட்டணச் சந்தா தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது விலை அன்று. எது இலவசம், எது கட்டணம் என்பதே. புதிய கட்டுரைகளைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் வைத்துப் பழையவற்றைத் திறந்து விடுவது ஒரு முறை. இதற்கு நேர்மாறாக, புதியவற்றைத் திறந்து வைத்து, சில வாரங்களின் பின் காப்பகத்தைப் பூட்டுவது மற்றொரு முறை. நாட்பட்ட கட்டுரைகளே தேடுபொறி வழியாகப் புதிய வாசகரைக் கொண்டு வருவதால், கதை ஆய்வைப் பொறுத்தவரை இரண்டாவது முறை தன் வாசலையே அடைப்பதற்கு ஒப்பாகும்.

எதையும் பூட்டாத மூன்றாவது வழியும் உண்டு. சாகச ஆட்டங்களின் வரலாற்றை 2011 முதல் எழுதிவரும் ஜிம்மி மாகரின் 'டிஜிட்டல் ஆன்டிகுவேரியன்' கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். விரும்புவோர் பேட்ரியான் வழியாகப் பணம் தருகின்றனர். இங்கு வாசகர் வாங்குவது கட்டுரையை அன்று, கட்டுரை தொடர்ந்து எழுதப்படுவதை. இம்முறை நீண்ட காலம் ஒழுங்காக எழுதி நம்பிக்கை பெற்றவர்க்கே கைகொடுக்கும். ஆறு மாத மடலொன்று இதனைப் பின்பற்றினால் ஏமாற்றமே எஞ்சும்.

பூட்டும் முறையைத் தேர்ந்தவர் கதைமுடிவு கசிவைப் பற்றியும் எண்ண வேண்டும். ஸ்பாய்லர் எனப்படும் இது இணையப் பக்கத்தில் எளிதில் மறைக்கத் தக்கது, மின்னஞ்சலில் அவ்வாறன்று. மடலின் தலைப்பும் முதல் ஒரிரு வரிகளும் அஞ்சல் பெட்டியின் பட்டியலிலேயே தெரியும். 'அவன் ஏன் இறந்தான்?' என்று தலைப்பிட்டால், மடலைத் திறக்காதவருக்கும் கதை கெட்டுவிடும். நீளமும் ஒரு தடை. ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை இடையில் வெட்டிவிடுகின்றது. யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் 3 பைட்டு இடம் பிடிப்பதால், தமிழில் எழுதுவோர் இவ்வெல்லையை ஆங்கிலத்தில் எழுதுவோரைவிட விரைவில் எட்டுவர்.

கணக்கு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2,000 பேர் இலவசமாகப் பெறும் மடல் ஒன்று கட்டணத்துக்கு மாறுகின்றது. இலவச வாசகருள் 5 முதல் 10 விழுக்காட்டினர் பணம் கட்டுவர் என்று சப்ஸ்டாக் எழுத்தாளர்களுக்குக் கூறி வந்துள்ளது. இது விற்பனை செய்பவரின் மதிப்பீடு என்பதை மறவாமல் 3 விழுக்காடு எனக் கொள்வதே பாதுகாப்பானது. அதாவது 60 பேர்.

மாதச் சந்தா 5 டாலர், ஆண்டுச் சந்தா 50 டாலர் என்க. சப்ஸ்டாக் 10 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். பணத்தைக் கையாளும் ஸ்ட்ரைப், அமெரிக்காவில் வழக்கமான வீதப்படி, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 2.9 விழுக்காட்டுடன் 30 சென்ட் எடுக்கும். 5 டாலரில் முதலாவது 50 சென்ட், இரண்டாவது ஏறத்தாழ 44.5 சென்ட், எழுத்தாளருக்குக் கிட்டுவது 4.05 டாலர். ஆண்டுச் சந்தாவில் இக்கழிவுகள் 6.75 டாலர், கிட்டுவது 43.25 டாலர். சிறு தொகையில் அந்த 30 சென்ட்டே பெருஞ்சுமை என்பது இதனால் விளங்கும். கழிவு மாதச் சந்தாவில் 19 விழுக்காட்டை நெருங்க, ஆண்டுச் சந்தாவில் 13.5 விழுக்காட்டில் நிற்கின்றது.

அறுபது பேரில் 40 பேர் மாதச் சந்தாவும், 20 பேர் ஆண்டுச் சந்தாவும் கட்டினால், முதல் மாதம் வங்கிக் கணக்கில் சுமார் 1,027 டாலர் சேரும். இது கண்ணை மறைக்கும் எண். இதில் 865 டாலர் பன்னிரண்டு மாதங்களுக்கான முன்பணம். ஒரு மாதத்துக்கு உரியது 72 டாலர் மட்டுமே. மாதச் சந்தாவிலிருந்து வரும் 162 டாலரைக் கூட்டினால் அம்மாதத்தின் உண்மை வருவாய் 234 டாலர். மாதம் நூறு மணி நேரம் விளையாடவும் எழுதவும் செலவானால், மணிக்கு 2.34 டாலர். வேலையை விடுவதா என்று எண்ணுபவர் பார்க்க வேண்டியது இந்த எண்ணையே.

இத்துடன் விலகல் வீதமும் உண்டு. மாதந்தோறும் 5 விழுக்காட்டினர் விலகுவதாகவும் புதியவர் எவரும் சேரவில்லை என்றும் கொண்டால், ஓராண்டின் பின் மாதச் சந்தாதாரர் 40 பேரில் எஞ்சுவோர் 21 அல்லது 22 பேர். ஆகவே சந்தா தொடங்கிய பின்னரும் இலவச மடலைக் கைவிட இயலாது. புதியவர் அவ்வழியாகவே வருகின்றனர்.

வாசகரின் ஆர்வத்தை அளக்க, மடலைத் திறந்தோர் வீதத்தை நம்புவது முன்பு வழக்கமாக இருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2021 இல் அறிமுகப்படுத்திய அஞ்சல் தனியுரிமைக் காப்பு, வாசகர் மடலைத் திறவாதபோதும் திறந்ததாகக் காட்டக் கூடியது. அதன் பின் இவ்வீதத்தை மட்டும் கொண்டு முடிவெடுப்பது பிழையாகும். எத்தனை பேர் மடலுக்கு மறுமொழி எழுதுகின்றனர் என்பது சிறந்த அளவுகோல்.

தளமும் பட்டியலும்

சப்ஸ்டாக்கைத் தவிர, இலாப நோக்கற்ற அமைப்பொன்றால் உருவாக்கப்படும் திறமூல மென்பொருளான கோஸ்ட்டும் பரவலாகப் பயன்படுகின்றது. இது சந்தாவில் பங்கு கேட்பதில்லை. அதன் வழங்கியைப் பயன்படுத்துவோரிடம் நிலையான கட்டணம் பெறுகின்றது. வாசகர் குறைவாக உள்ளபோது விழுக்காட்டு முறையும், பெருகியபின் நிலையான கட்டணமும் மலிவானவை.

தளம் எதுவாயினும், முகவரிப் பட்டியலையும் கட்டண உறவையும் வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும். டுவிட்டர் 2021 சனவரியில் வாங்கிய ரெவ்யூ மடல் சேவை, இரண்டு ஆண்டுகளில், 2023 சனவரியில் மூடப்பட்டது. டைனிலெட்டர் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. பட்டியலைத் தரவிறக்கி வைத்திருந்தோர் வேறு தளத்துக்குப் பெயர்ந்தனர்.

இந்திய வாசகருக்கும் இதில் ஓர் இடர் உண்டு. தொடர் கட்டணங்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அட்டையிலிருந்து பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாசகருக்கு அறிவித்தல் அவற்றுள் ஒன்று. இதற்கேற்பத் தம் முறைகளை மாற்றாத வெளிநாட்டுத் தளங்களில் இந்திய அட்டைகளின் சந்தாக்கள் தாமாகவே அறுந்தன. வாசகர் விலகிவிட்டார் என எழுத்தாளரும், மடல் நின்றுவிட்டது என வாசகரும் எண்ண இடமுண்டு.

நிறுத்துதல்

எப்படித் தொடங்குவது என்பதைப் பற்றிய அறிவுரைகள் ஏராளம். எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றியவை அரிது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், எழுத்தாளர் நான்காம் மாத இறுதியில் நோயுற்று நிறுத்தினால், ஆண்டுச் சந்தா கட்டிய 20 பேருக்கு எஞ்சிய எட்டு மாதங்களுக்காக ஏறத்தாழ 667 டாலர் திருப்பித் தர வேண்டியிருக்கும். பணத்தைத் திருப்பும்போது ஸ்ட்ரைப் தான் முன்பு எடுத்த கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. முன்பணத்தைச் செலவழித்துவிட்டவர் கைப்பணத்தைத்தான் தேட வேண்டும்.

இதனைத் தவிர்க்கச் சிலர் முதலாண்டில் மாதச் சந்தாவை மட்டுமே ஏற்கின்றனர். கழிவு கூடுதலாயினும் கடன் ஒரு மாதத்துக்கு மேல் நீளாது. குறுகிய ஓய்வுக்கு, பணம் எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி சப்ஸ்டாக்கில் உள்ளது. ஆண்டுச் சந்தா வாங்குவோர், தொடக்க அறிவிப்பிலேயே மாதத்துக்கு எத்தனை மடல், நின்றுபோனால் பணம் எவ்வாறு திருப்பப்படும், காப்பகம் பின்னர் எவருக்குத் திறந்திருக்கும் என்பவற்றை எழுதி வைப்பது நல்லது. ஆட்ட நிறுவனங்களிடமிருந்து இலவசப் படி பெறுகின்றாரா, ஆட்டங்களுக்குத் தாமே கதை எழுதிக் கொடுக்கின்றாரா என்பதும் அவ்வறிவிப்பில் இடம்பெற வேண்டும். இத்துறையில் எழுதுவோர் பலர் ஆட்டங்களுக்கு உரையாடல் எழுதியும் பிழைப்பதால், இதனைச் சந்தா கட்டிய பின் அறியும் வாசகர் ஏமாற்றப்பட்டதாகக் கருதக்கூடும்.