மாணவர் தமிழை மக்களுக்குக் கொண்டு சென்ற தொம்மலூர் முயற்சி

புது தில்லி: உயர்கல்விப் பாடத்திட்டத்தில் சமுதாயப் பணிக்கும் கிரெடிட் புள்ளிகள் வழங்கப்பட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அக்கொள்கையின் பல அம்சங்களைத் தமிழகம் எதிர்த்து வந்தாலும், சமுதாயப் பணி என்பது நமக்குப் புதிதல்ல. 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் பல தலைமுறை மாணவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றது.

ஆனால், மாணவர் தாம் பயிலும் பாடத்தையே மக்களுக்குப் பயன்படுத்தும் வாய்ப்பு அரிது. அத்தகைய முயற்சி ஒன்று 2013-இல் பெங்களூரில் நடைபெற்றது.

அப்போது தொம்மலூரில் இயங்கி வந்த 'இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம்', கிறைஸ்ட் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இதனைத் தொடங்கியது. தமிழ், கன்னடம், இந்தி, சம்ஸ்கிருதம், உருது ஆகியவற்றை இரண்டாம் மொழியாகப் பயின்ற மாணவர்கள், அந்தந்த மொழி விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரைகள் எழுதினர். ஆசிரியர் ஒருவர் மட்டுமே படித்துவிட்டு மூலையில் போடும் ஒப்படைப்பு, எவரும் படிக்கக்கூடிய ஆவணமாக மாறியது.

இதற்கு முன்னர் கிடைத்த அனுபவம் கசப்பானது. 2011-இல் புணே கல்லூரிகளில் விக்கிமீடியா அறக்கட்டளை நடத்திய ஆங்கிலக் கட்டுரைத் திட்டம், சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது. மாணவர் பலர் நூல்களிலும் இணையத்திலும் இருந்ததை அப்படியே நகலெடுத்திருந்தனர். அவற்றைக் கண்டறிந்து நீக்கும் சுமை, ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள் மீது விழுந்தது. மதிப்பெண் மட்டுமே இலக்காகி, திருத்துவோர் குறைவாக இருந்தால், தொண்டே தொல்லையாகிவிடும் என்பதற்கு அது சான்று.

நிறுவனம் பொறுப்பேற்றால் பலன் கிடைக்கும் என்பதற்குக் கொங்கணி மொழி எடுத்துக்காட்டு. கோவா பல்கலைக்கழகம் தனது கொங்கணிக் கலைக்களஞ்சியத்தை 2013-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. 2015-இல் கொங்கணிக்குத் தனி விக்கிப்பீடியா உருவானது.

தமிழகத்திலும் 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவர்களுக்கான விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியை மாநில அரசு நடத்தியது. போட்டி ஒரு முறையுடன் முடிந்துவிடும்; பாடமோ ஆண்டுதோறும் தொடரும்.

எனவே, புள்ளிகளை அறிவிப்பதுடன் பல்கலைக்கழகங்களின் கடமை முடிந்துவிடாது. மாணவர் எழுதியதைச் சரிபார்க்கும் நேரத்தை ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும். மாணவர் எண்ணிக்கை திருத்துவோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்க வேண்டும். அப்பணி மக்கள் பேசும் மொழியில் நடைபெற வேண்டும். இவை இல்லையெனில், சமுதாயப் பணி தில்லிக்கு அனுப்பும் புள்ளிவிவரமாகவே எஞ்சும்.

எழுதுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலேயே போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கன்னட நாட்டுத் தலைநகரில் தமிழ் பயிலும் மாணவர், அவற்றைப் படித்து இரு மொழியினருக்கும் விளக்கி எழுதினால், அதைவிடப் பொருத்தமான சமுதாயப் பணி வேறென்ன இருக்க முடியும்?