மேஜைக்கு அடியில் ஓர் உறுமல்

கம்ப்யூட்டரின் எல்லா உறுப்புகளுக்கும் உயிரூட்டும் எஸ்எம்பிஎஸ் பற்றித்தான் வாங்குபவர்கள் கடைசியாக யோசிக்கிறார்கள். அது சத்தம் போடத் தொடங்கும்போது எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று பொருள்.

கோடையில் அது யாருக்கும் கேட்பதில்லை. சீலிங் ஃபேனின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. டிசம்பர் வந்து ஃபேனை நிறுத்திய பிறகுதான் வீட்டார் கவனிக்கிறார்கள்: மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. சில வாரங்களில் உறுமல் கரகரப்பாகிறது. ஒரு நாள், மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் பாதியில் இருக்கும்போது திரை இருண்டு, கம்ப்யூட்டர் தானாகவே மீண்டும் கிளம்புகிறது. மறுநாள் கிளம்பவே மறுக்கிறது. மிஞ்சுவது லேசான கருகல் வாசனை.

டில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூருவின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு, கொல்கத்தாவின் சாந்தினி சௌக் - நாட்டின் எந்தக் கம்ப்யூட்டர் சந்தையிலும் இந்த நோய்க்கு உடனடி மருந்து கிடைக்கும். சில நூறு ரூபாய்க்கு ஒரு தகரப் பெட்டி. மேலே பெரிய எழுத்தில் '450 வாட்'. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டப் பத்து நிமிடம். கம்ப்யூட்டர் ஓடுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அடுத்த கோடை வரும்போது அதே உறுமல் மீண்டும் கேட்கலாம். இந்த முறை அந்தப் பெட்டி தன்னோடு ஹார்டு டிஸ்க்கையும் அழைத்துக்கொண்டு போகலாம்.

பெட்டியை நூறு ரூபாய்க்கும் வாங்கலாம், ஆயிரங்களுக்கும் வாங்கலாம். ஹார்டு டிஸ்க்கில் இருந்த பத்து வருடக் குடும்பப் புகைப்படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வெப்பத்தின் குரல்

எஸ்எம்பிஎஸ் செய்யும் வேலை கேட்பதற்கு எளிது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்து அணைத்துப் போட்டு, சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாக 12, 5, 3.3 வோல்ட்களாகக் குறைத்துத் தர வேண்டும். இந்த வேலையில் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் ஃபேன். வெப்பம் கூடினால் ஃபேன் வேகமெடுக்கிறது. அதாவது, சத்தம் என்பது வெப்பத்தின் குரல்.

பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதே வெப்பம்தான். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் மெல்ல மெல்ல உலர்ந்து போகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. ஆகவே அமைதியான எஸ்எம்பிஎஸ் ஒன்று, நம்பகமான எஸ்எம்பிஎஸ் இன்னொன்று என்று இரண்டைத் தேட வேண்டியதில்லை. குறைவாகச் சூடாகும் பெட்டி குறைவாகவே சத்தம் போடும். நீண்ட நாள் உழைக்கவும் செய்யும்.

இதை ஆரம்பத்திலேயே உணர்ந்தவர்கள் உண்டு. 1977-இல் வெளியான ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் ஃபேனே கிடையாது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம் பிடிக்காது. பொறியாளர் ராட் ஹோல்ட் சூடாகாத ஸ்விட்சிங் முறை சப்ளை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் சப்ளையின் திறன் வெறும் 63.5 வாட். இன்று விளையாட்டுப் பிரியர்களின் கிராபிக்ஸ் கார்டு ஒன்றே அதைப்போலப் பல மடங்கு கேட்கிறது.

லேபிளில் ஒரு வரி

வாங்குபவர்கள் ஏமாறும் முதல் இடம் வாட் எண்ணிக்கை. இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே பசியாறுகின்றன. மலிவுப் பெட்டிகளில் பல, பழைய பாணியில் 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் பெரிய எண்களைப் போட்டு மொத்தக் கணக்கை ஊதிக் காட்டுகின்றன.

உண்மையை லேபிளே சொல்லிவிடும். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் போதும். 16 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 192 வாட். பெட்டியின் நெற்றியில் 450 என்று எழுதியிருந்தாலும் அதன் உண்மையான பலம் அவ்வளவே. நல்ல தயாரிப்பில் 12 வோல்ட் மட்டுமே மொத்தத் திறனுக்கு மிக அருகில் வந்துவிடும்.

அதற்காக 850 வாட், 1000 வாட் என்று ஓட வேண்டியதும் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் சாதாரண வேலையில் 100 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். நடுத்தர கிராபிக்ஸ் கார்டு சேர்ந்தாலும் பெரும்பாலும் 300 வாட் சுற்றளவில் அடங்கிவிடும். நேர்மையான 450 அல்லது 550 வாட் பெட்டி பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். பாதிச் சுமையில் ஓடும்போதுதான் அதன் திறனும் நன்றாக இருக்கும், ஃபேனும் சோம்பலாகச் சுற்றும்.

23 டிகிரிச் சான்றிதழ்

அட்டைப்பெட்டியில் மின்னும் அடுத்த அடையாளம் '80 ப்ளஸ்'. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தச் சான்றிதழில் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள் உண்டு. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது வெண்கலத்துக்கு 85 சதவீதத் திறன் வேண்டும், தங்கத்துக்கு 90.

பணக் கணக்கு இப்படிப் போகிறது: 100 வாட் தேவைப்படும் கம்ப்யூட்டர் தினம் 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 75 சதவீதத் திறனுள்ள மட்டமான பெட்டி சுவரிலிருந்து 133 வாட் இழுக்கும். தங்கப் பெட்டி 111 வாட் இழுக்கும். வருடத்துக்கு மிச்சம் சுமார் 64 யூனிட். ஆனால் வெண்கலத்திலிருந்து தங்கத்துக்குத் தாவினால் மிச்சம் சுமார் 19 யூனிட்தான். கரண்ட் பில்லுக்காகத் தங்கம் வாங்க வேண்டியதில்லை. வெப்பம் குறைகிறது, அதனால் ஃபேன் அடங்குகிறது என்பதே தங்கத்துக்காக வாதாடும் நல்ல காரணம்.

இந்தியர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று. 80 ப்ளஸ் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி வெப்பத்தில். நாக்பூரின் மே மாதம் அந்த ஆய்வகத்தைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. மேலும் அந்தச் சான்றிதழ் திறனை அளக்கிறதே தவிர சத்தத்தையோ, ஆயுளையோ, பாதுகாப்பையோ அளப்பதில்லை. எனவே பெட்டி எத்தனை டிகிரி வரை முழுத் திறனைத் தரும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பார்ப்பது அவசியம். 50 டிகிரி என்றால் நல்லது, 40 என்றால் பரவாயில்லை. எதுவுமே எழுதவில்லை என்றால் யோசிக்க வேண்டும். கெபாசிட்டர்கள் 85 டிகிரி ரகமா, 105 டிகிரி ரகமா என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி.

சத்தத்துக்கென்றே சான்றிதழ் தரும் நிறுவனமும் இருக்கிறது. சைப்ரஸைச் சேர்ந்த சைபெனெடிக்ஸ், சத்தத்தை அளந்து 'லாம்டா' என்ற பெயரில் தரவரிசை தருகிறது. அதில் 'ஏ' வரிசைக்குள் வரும் பெட்டிகள் வீட்டுக்கு நிம்மதி தரும். வரிசை கிடைக்காதபோது ஃபேனின் அளவைப் பார்க்கலாம். 120 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட ஃபேன் மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தள்ளும். பழைய 80 மில்லிமீட்டர் ஃபேன் அதே காற்றுக்கு அலற வேண்டியிருக்கும். குறைந்த சுமையில் ஃபேனே சுற்றாத மாடல்களும் உண்டு. குளிர்பதன அறையில் அது வரம். கோடையில் ஏ.சி. இல்லாத அறையில் எப்போதும் மெதுவாகச் சுற்றும் நல்ல ஃபேனே உத்தமம்.

பிராண்டைவிட மாடல்

பெயர் பெற்ற பல பிராண்டுகள் எஸ்எம்பிஎஸ்ஸைத் தாங்களே தயாரிப்பதில்லை. தைவானின் சீசானிக், சூப்பர் ஃப்ளவர், எஃப்எஸ்பி போன்றவை சொந்தப் பெயரில் விற்பதோடு மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கின்றன. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்கள் இரண்டு வெவ்வேறு தொழிற்சாலைகளில் பிறந்திருக்கலாம். ஆகவே பிராண்டை மட்டும் நம்பிப் பயனில்லை. குறிப்பிட்ட மாடலைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்களின் அறிக்கையைத்தான் தேட வேண்டும்.

தயாரிப்பாளருக்குத் தன் சரக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதைச் சொல்லும் எளிய அளவுகோல் வாரண்டி. 5, 7, 10 வருடம் என்று எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு வருடத்தோடு கைகழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, பில் தருவார்களா என்பதும் வாரண்டியின் பகுதிதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் 48 வோல்ட் வரையிலான தனி எஸ்எம்பிஎஸ்கள் 2017-இல் சேர்க்கப்பட்டன. பெட்டியில் இருக்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம்.

கரண்ட் கண்ணாமூச்சி

நல்ல பெட்டிக்கும் இந்திய மின்சாரம் தனிப் பரீட்சை வைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். மின்சாரம் நின்ற பிறகும் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். விதிமுறைகள் நெடுங்காலமாகக் கேட்டது. அதற்குள் யுபிஎஸ் கைகொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் எதையும் உணராது. வீட்டு இன்வர்ட்டரை 'யுபிஎஸ்' முறையில் வைக்காமல் சாதாரண முறையில் வைத்திருந்தால் மாறும் நேரம் நீண்டு, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பழி எஸ்எம்பிஎஸ் மேல் விழும்.

தரமான பெட்டிகளில் பெரும்பாலும் 'ஆக்டிவ் பிஎஃப்சி' என்ற சுற்று இருக்கிறது. 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் பெட்டிக்கு மாலை நேர லோ வோல்டேஜ் ஒரு பொருட்டல்ல. தனி ஸ்டெபிலைசரும் தேவையில்லை. ஆனால் ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரோடு இணைத்தால் இவற்றில் சில முரண்டு பிடிக்கும். சைன் வேவ் இன்வர்ட்டரே இவற்றுக்குப் பொருத்தம்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அதற்குப் புதிய பெட்டி தீர்வல்ல. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வரும் கசிவு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாத வீட்டில், அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகிய இடத்தில், அது தொடுபவரின் கை வழியாகப் போகப் பார்க்கிறது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி.

மாற்றும் முன்

சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்துதான் வருகிறதா என்பது முதல் கேள்வி. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்துக் கேட்டாலே ப்ராசஸர் ஃபேனா, கேபினட் ஃபேனா, பின்பக்கப் பெட்டியா என்று புரிந்துவிடும். பல நேரங்களில் குற்றவாளி தூசிதான். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்தால் போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் திருகுகளைக் கழற்றி உள்ளே கைவைப்பது மட்டும் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 325 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. பிஎஃப்சி உள்ள பெட்டியில் 400 வோல்ட்டை நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது சிறிது நேரம் காத்திருக்கும்.

புதியதை மாட்டும்போது பலர் செய்யும் தவறு, பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவது. கழற்றி மாட்டும் கேபிள்களில் பெட்டிப் பக்க முனைக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரு பிராண்டின் கேபிள் இன்னொன்றில் கச்சிதமாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டும் போகும். ஹார்டு டிஸ்க் அந்த நொடியே காலி. பெரிய நிறுவனங்களின் பிராண்டட் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் சாதாரண ஏ.டி.எக்ஸ். பெட்டியே பொருந்தாது என்பதையும் வாங்குவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பெட்டியில் 115/230 என்ற சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-இல் நிற்க வேண்டும். 115-இல் நின்றால் தீபாவளிதான்.

கடையில் வாடிக்கையாளர் ப்ராசஸரைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறார். எஸ்எம்பிஎஸ் வந்ததும் 'ஏதாவது போடுங்க' என்கிறார். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ஆனால் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இரண்டு மூன்று வருடங்களில் பழசாகிவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோ அடுத்த கம்ப்யூட்டருக்கும் குடிபெயர்ந்து போகும். லேபிளின் 12 வோல்ட் வரியைப் படிக்க ஒரு நிமிடம், வாரண்டி அட்டையைப் படிக்க இன்னொரு நிமிடம். அந்த இரண்டு நிமிடங்களைச் செலவழித்தவர் வீட்டில், டிசம்பர் இரவில் சீலிங் ஃபேன் நின்ற பிறகு, கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.