ஒளிப்படம் தரவுத்தளத்தில் இருக்கட்டும், பக்கமும் விரைவாகத் திறக்கட்டும்

பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் நடத்தும் ஆசிரியர்கள் செய்முறைக்காக மாணவர் விவரப் பக்கம் ஒன்றை உருவாக்கச் சொல்வதுண்டு. பெயர், வகுப்பு, இரத்தப் பிரிவு வரை எந்தச் சிக்கலும் வராது. ஒளிப்படம் சேர்ந்ததும் பக்கம் நகர மறுக்கும். எங்கள் மாணவர்கள் செய்த 40 பேர் வகுப்புப் பட்டியலும் அப்படித்தான் நின்றது. "நெட் ஸ்லோ சார்" என்றார்கள். கணக்குப் போடச் சொன்னேன். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று சுமார் 3 எம்பி என்றால் 40 படங்களுக்கு 120 எம்பி. திரையில் அவை தெரிவதோ கட்டைவிரல் அகலத்தில்!

படங்களைக் கோப்புறையில் போட்டுவிட்டு, கோப்பின் பெயரை மட்டும் தரவுத்தளத்தில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பெரிய படங்களுக்கு அதுவே நல்லது. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2006இல் தங்கள் தரவுத்தளத்தைச் சோதித்து, 256 கேபிக்குக் குறைந்தவற்றைத் தரவுத்தளமும் 1 எம்பிக்கு மேற்பட்டவற்றைக் கோப்பு முறையும் நன்றாகக் கையாள்வதாகக் கண்டார்கள். நம் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் முதல் வகை. ஆனால் எனக்கு வேகத்தைவிட இன்னொரு காரணம் பெரிது. எல்லாரும் அணுகக்கூடிய கோப்புறையில் படம் இருந்தால், முகவரியில் 312 என்பதை 313 என்று மாற்றினாலே அடுத்த மாணவியின் முகம் யாருக்கும் தெரிந்துவிடும். தரவுத்தளத்தில் இருந்தால் ஒவ்வொரு படமும் நம் நிரல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். உள்நுழைந்தவர் யார் என்று நிரல் கேட்கும்.

முதல் வேலை, பதிவேற்றும்போதே படத்தைச் சுருக்குவது. பிஎச்பியின் ஜிடி நூலகத்தால் 150க்கு 200 பிக்சல் ஜேபெக் ஆக்கினால் படம் ஏறத்தாழ 10 கேபிக்கு வந்துவிடும். 40 படங்களும் சேர்ந்து 400 கேபிதான். ஜிடி மீண்டும் சேமிக்கும்போது, படத்துடன் ஒட்டியிருக்கும் இருப்பிடக் குறிப்பும் நீங்கிவிடுகிறது. குழந்தைகளின் படங்களுக்கு இது தேவையான ஒன்று. ஆனால் கைப்பேசியை எந்தப் பக்கம் பிடித்து எடுத்தோம் என்ற குறிப்பும் கூடவே போய்விடும். அதை முன்பே படித்துப் படத்தைத் திருப்பாவிட்டால் சில மாணவர்கள் படுத்திருப்பார்கள். பிளாப் புலம் 65,535 பைட் வரைதான் தாங்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பெரிய படமும் வேண்டுமானால் மீடியம்பிளாப்.

அடுத்து, படத்துக்குத் தனி அட்டவணை. பெயர் இருக்கும் அட்டவணையிலேயே படமும் இருந்து, யாராவது 'செலக்ட்' கட்டளையில் நட்சத்திரக் குறி போட்டால், பெயர்ப் பட்டியல் கேட்டவருக்கும் எல்லாப் படங்களும் தூக்கிவரப்படும். மாணவர் பள்ளியை விட்டுச் சென்றபின் படத்தை மட்டும் நீக்கவும் தனி அட்டவணை வசதி.

படத்தை பேஸ்64 எழுத்துகளாக்கிப் பக்கத்துக்குள்ளேயே ஒட்டும் வழக்கமும் உண்டு. அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதோடு, உலாவியால் படத்தைத் தனியாகச் சேமித்து வைக்கவும் முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் தனி முகவரி கொடுத்து, அங்கே ஒரு சிறு நிரல் படத்தை மட்டும் அனுப்பட்டும்.

இங்கேதான் பலர் அறியாத இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. 'செஷன்' தொடங்கியதும் பிஎச்பி அந்தச் செஷன் கோப்பைப் பூட்டிவைக்கிறது. உலாவி ஒரே நேரத்தில் பல படங்களைக் கேட்டாலும் அவை ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். உள்நுழைவைச் சரிபார்த்த உடனே செஷனை எழுதி மூடும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் வரிசை கலைந்துவிடும். அதுமட்டுமல்ல, நாம் எதுவும் சொல்லாவிட்டால் செஷன், "இதைச் சேமிக்காதே" என்ற தலைப்பையும் உலாவிக்கு அனுப்பிவிடுகிறது. அதற்குப் பதிலாக 'கேஷ்-கன்ட்ரோல்' தலைப்பில் 'பிரைவேட்' என்றும், ஒரு நாள் அளவு காலமும் தர வேண்டும். 'பிரைவேட்' என்றால் படத்தை அந்த உலாவி மட்டுமே சேமிக்கலாம். இடையிலுள்ள பொது வழங்கிகள் சேமிக்கக் கூடாது.

அந்தக் காலம் முடிந்தபின்? படம் சேரும்போதே அதன் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டுத் தனிப் புலத்தில் வைத்து, 'ஈடேக்' என்ற தலைப்பாக அனுப்புங்கள். உலாவி அடுத்த முறை அந்த மதிப்பைக் காட்டி, "என்னிடம் இது இருக்கிறது, மாறியதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற பதில் மட்டும் போதும். ஆனால் ஒப்பிடும்போது ஹாஷ் புலத்தை மட்டும் படிக்க வேண்டும். படத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு 304 சொன்னால் இணையச் செலவுதான் மிச்சம், தரவுத்தளத்தின் சுமை அப்படியே இருக்கும்.

மாணவர்களுக்கு இதைக் காட்ட எளிய வழி, உலாவியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறப்பது. பக்கத்தை முதல்முறை திறக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை கேபி வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்பு பக்கத்தைப் புதுப்பித்து, அந்த எண்கள் என்னவாகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.