சட்டம் கற்பது ஊரிலா, தலைநகரிலா?

சட்டம் பயில விழையும் யாழ்ப்பாண மாணவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை நாடுவதா, கொழும்புப் பல்கலைக்கழகத்தை நாடுவதா? எங்குப் பட்டம் பெறினும், 1874 இல் நிறுவப்பெற்ற இலங்கைச் சட்டக் கல்லூரியின் இறுதித் தேர்விற் சித்தியெய்தி, பயிற்சி முடித்து, கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணஞ் செய்தபின்னரே சட்டத்தரணியாகலாம். இரு வழியும் புதுக்கடையிற்றான் கூடுகின்றன. ஆதலின், கற்கும் நான்காண்டின் பயனே கருதத்தக்கது.

தலைநகரில் மேன்முறையீட்டு விவாதங்களை நேரிற் கேட்கலாம். ஊரிலோ, ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கிய தேசவழமை இன்றும் காணி வழக்குகளில் ஆளப்படுவதைக் காணலாம். பல்கலைக்கழகக் கல்வி இலவசமெனினும், வெளியூரில் உணவும் உறையுளும் இலவசமல்ல. நீதிமன்றப் படியேறும் ஊக்கமிலார்க்குத் தலைநகர் வாசத்தாற் பயனில்லை. ஊரிற் கற்று மிச்சம்பிடித்த பணமோ, பின்னர்ப் புதுக்கடை செல்லுங்கால் கைகொடுக்கும்.