ஐரிஸ் மலரும் அழகிய பொறுமையும்

ஏமன், துருக்கி முதலிய நாடுகளில் முஸ்லிம்களின் அடக்கத்தலங்களில் வெள்ளை மலரொன்று பூத்திருக்கக் காணலாம். அது ஐரிஸ் இனத்தது. விதை தராத அதனை, கிழங்கை நட்டே நம் முன்னோர் ஊர்தோறும் பரப்பினர்.

விதை தரும் அதன் உறவுச் செடியான தாடி ஐரிஸைக் கலந்து, மேலை நாட்டினர் புதுப்புது வகைகளைப் பெறுகின்றனர். ஒரு மலரின் மகரந்தத்தை மற்றொன்றின் சூல்முடியில் தடவுவது நொடிப்பொழுது வேலை. அவ்விதை முளைத்துப் பூக்கவோ ஈராண்டு, மூவாண்டு ஆகும். பூத்தவற்றுள்ளும் தேறுபவை மிகச் சில. இவ்வாறு காத்திருந்தே, 1950களில் கலிபோர்னியாவின் லாயிட் ஆஸ்டின் இதழில் கொம்பு நீண்ட வகைகளை வெளியிட்டார்.

ஆயினும் தூய செஞ்சிவப்பு மட்டும் தாடி ஐரிஸில் இன்றளவும் கைகூடவில்லை. அதற்குரிய நிறமி அச்செடியில் இல்லை. படைத்தவன் வைத்ததைக் கலப்பதே மனிதன் பங்கு, மற்றது பொறுமை. தோட்டம் கற்பிக்கும் இப்பாடத்தை நம் பிள்ளைகளுக்கும் சொல்வோமாக!